மங்கிய ஹெட்லைட்: பேப்பரைத் தொட முன்னம் பூச்சைத் தீர்மானியுங்கள்

தேய்த்து மினுக்கிய ஹெட்லைட் அன்று பின்னேரம் புதிது போலத்தான் நிற்கும். மேலே ஒன்றும் பூசாமல் விட்டால், வெயிலும் கச்சான் என்ற வறண்ட காற்றும் ஒரு சுற்று வந்து போக முன்னமே பழைய மஞ்சள் திரும்பிவிடும். சிலவேளை முன்பைவிட மோசமாகவும் இருக்கும்.

இப்போதைய லைட்டுகளின் முன்மூடி கண்ணாடி அல்ல, பொலிகாபனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டால் எளிதில் உடையாது, ஆனால் லேசாகக் கீறுப்படும், வெயிலின் புறஊதாக் கதிரில் மஞ்சளாகும். இந்த இரண்டு குறைக்காகவும் தொழிற்சாலையில் அதன்மேல் தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய ஒரு கடினப் பூச்சுப் போட்டு அனுப்புவார்கள். நாங்கள் மங்கல் என்று பார்ப்பது அனேகமாக அந்தப் பூச்சு வெடித்து உரிவதைத்தான். தேய்க்கும்போது மங்கலோடு சேர்த்து அந்தக் காவலையும் எடுத்துவிடுகிறோம். அதற்குப் பதில் ஒன்றைப் போடாவிட்டால் வெறும் பிளாஸ்டிக் வெயிலில் நிற்கிறது. ஆகவே வேலையின் பெரிய கேள்வி எப்படி மினுக்குவது என்பதல்ல, கடைசியில் எதைப் பூசப்போகிறோம் என்பது. அது தெரிந்தால்தான் வோட்டர் பேப்பரில், அதாவது நனைத்துத் தேய்க்கிற சொரசொரப்புத் தாளில், எத்தனையாம் நம்பரோடு நிறுத்துவது என்பதும் தெரியும் (நம்பர் கூடக் கூடப் பேப்பர் மென்மை).

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் இங்கே கிழக்கில் கல்முனையிலும் செங்கலடியிலும் ஓடுகிற வாகன் ஆர், விட்ஸ், அக்குவா போன்றவற்றில் பலவற்றின் லைட்டுக்கு இப்போது நல்ல வயது. இரவில் மாடு படுத்திருக்கிற வீதியிலும், அறுவடைக் காலத்தில் பாதி வீதிக்கு நெல் காயப்போட்ட அம்பாறைப் பக்கத்திலும், யானை கடக்கிற புணானை வீதியிலும் மங்கல் லைட்டோடு ஓடுவது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல.

முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

லைட்டைக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, ஈரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பாருங்கள். மங்கல் மறைந்து உள்ளே பல்ப் தெளிவாகத் தெரிந்தால் பழுது வெளியில்தான் இருக்கிறது. கீறலின் பள்ளங்களைத் தண்ணீர் நிரப்புவதால் வெளிச்சம் சிதறாமல் போகிறது. தேய்த்துப் பூசினால் ஏறக்குறைய அந்த அளவு தெளிவு உங்களுக்குக் கிடைக்கும். காயக் காய வெண்மை திரும்பி வருவதையும் அப்படியே நின்று பார்க்கலாம்.

ஈரத்திலும் மங்கல் அப்படியே இருந்தால் பேப்பர் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். உள்ளே நீராவி படிந்திருக்கலாம். பின்மூடியின் ரப்பர் போயிருக்கும், அல்லது எல்ஈடி பல்ப் மாட்டியவர் மூடி பூட்ட இடமில்லாமல் திறந்தே விட்டிருப்பார், அல்லது காற்றுத் துவாரக் குழாயில் குளவியோ எறும்போ கூடு வைத்திருக்கும். மாரிக்கு முன் இதைப் பார்த்துச் சரிசெய்யாவிட்டால் மார்கழியில் லைட்டுக்குள் தண்ணீர் தேங்கும். இன்னொன்று, உள்ளே இருக்கிற வெள்ளித் தகடு கருகியிருக்கலாம். 60/55 வாட் எச்-4 பல்ப் இருக்க வேண்டிய இடத்தில் 100 வாட் பல்ப் போட்டு ஓடிய வாகனங்களில் இதைக் காணலாம். அதற்கு வெளியில் எவ்வளவு மினுக்கினாலும் வெளிச்சம் வராது, லைட்டையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது வகை, பிளாஸ்டிக்கின் உடலுக்குள்ளேயே ஓடும் நுண்வெடிப்பு. டோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தால் சிலந்திவலை போல மினுங்கும். நகத்தால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. தேய்த்தால் இது போகாது. மற்றது போய் இது மட்டும் நிற்பதால் சிலவேளை இன்னும் எடுப்பாகத் தெரியும். வேலைக்குக் கொடுப்பவரிடம் இதை முதலிலேயே காட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

பழைய வான், லொறிகளில் உண்மையான கண்ணாடியே இருக்கும். நாணயத்தால் தட்டினால் ஒலியே சொல்லும். சில லைட்டுகளின் ஓரத்தில் ‘PL’ என்ற ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தால் அது பிளாஸ்டிக். கண்ணாடியில் வோட்டர் பேப்பர் போட்டால் கீறலைத் தவிர ஒன்றும் மிஞ்சாது.

பூச்சில் எதைத் தெரிவு செய்வது

மெழுகு அல்லது சீலன்ட் பூசுவது சுகம், மலிவு, ஆனால் நம்மூர் வெயிலில் அதன் ஆயுள் சில கிழமைகள். மாதம் ஒருமுறை திரும்பப் பூசுகிற பொறுமை இருந்தால் மட்டும் இதை எடுங்கள். போத்தலில் வருகிற செராமிக் பூச்சு அதைவிட மேல், மாதக்கணக்கில் நிற்கும், இருந்தாலும் மிக மெல்லியது. ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சான டூ-கே கிளியர், ஒழுங்காக அடித்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கெட்டால் முழுதையும் தேய்த்து எடுக்க வேண்டியிருப்பதுதான் அதன் வில்லங்கம். லைட்டுக்கென்று வருகிற ஒளிபுகும் பாதுகாப்புப் படலமும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வெயிலோடு மணலடியையும் அதுவே வாங்கிக்கொள்ளும், கெட்டால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம்.

கல்லடி, பாசிக்குடா, திருக்கோவில், பொத்துவில் என்று கடற்கரையோரம் வாகனம் நிற்கிறதென்றால் படலம்தான் எங்கள் தெரிவு. உள்ளூரில், கூரைக்குக் கீழே நிற்கிற வாகனத்துக்கு டூ-கே போதும். கறுப்புச் சாயல் உள்ள படலம் மட்டும் வேண்டாம். மங்கலை எடுத்த கையோடு வெளிச்சத்தைத் திரும்பக் குறைப்பதில் என்ன பயன்?

இனி முக்கியமான கணக்கு. டூ-கே அடிப்பதென்றால் 1000ஆம் நம்பர் பேப்பரோடு நிறுத்தி, மினுக்காமல் அடிக்க வேண்டும். அந்தச் சொரசொரப்பைத்தான் கிளியர் பிடித்துக்கொள்ளும், நுண்கீறலை அதுவே நிரப்பித் தெளிவாக்கும். மெழுகு, செராமிக், படலம் என்றால் 3000 வரை போய் மினுக்கி முடித்த பிறகுதான் பூச்சு. இதை மாற்றிச் செய்து கெட்ட லைட்டுகள் ஏராளம். கண்ணாடி போல மினுக்கிவிட்டு அதன்மேல் கிளியர் அடித்தால் பிடிமானம் இல்லாமல் ஆறேழு மாதத்தில் தாளாக உரியும்.

சாமான்

வாகனப் பெயின்ட் விற்கிற கடையில் 600, 800, 1000, 1500, 2000 வோட்டர் பேப்பர் ஒவ்வொரு தாள் வாங்குங்கள். இரண்டு லைட்டுக்கும் தாராளமாகக் காணும். பூச்சு திட்டுத்திட்டாக உரிந்து மேடு பள்ளமாக இருந்தால் மட்டும் 400 ஒரு தாள். 3000 எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஸ்பொஞ்சோடு வருகிற வட்டத்தாளாகக் கேட்டுப் பாருங்கள். மாஸ்கிங் டேப் ஒரு உருளை, அரை லீற்றர் ஸ்பிரே போத்தல், பேப்பரைச் சுற்றிப் பிடிக்க ஒரு கெட்டி ஸ்பொஞ்சுத் துண்டு, மைக்ரோஃபைபர் துணி மூன்று, கட்டிங் கொம்பவுண்டும் (கீறலை எடுக்கும் பசை) ஃபினிஷிங் பொலிஷும் (கடைசியில் மினுக்குவது) ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி அளவு, துடைக்க ஐசோபுரொபைல் அற்ககோல் நூறு மில்லி. கடைசிச் சாமான் பாமசியில் கிடைக்கும்.

தின்னர், பெட்ரோல், அசிட்டோன் மூன்றையும் வேலை நடக்கிற இடத்திலேயே வைக்காதீர்கள். பழக்கத்தில் கை அங்கே போய்விடும். பொலிகாபனேட்டில் தின்னர் துணி ஒருமுறை பட்டால் வெள்ளைப் புகை போலப் படரும், அல்லது அந்த இடத்திலேயே நுண்வெடிப்பு ஓடும். அதற்குத் திருத்தம் இல்லை.

தேய்ப்பு

வெயிலில் நின்ற லைட்டில் கை வைக்க வேண்டாம். தண்ணீர் உடனே காய்ந்து பேப்பர் உலர்ந்து கீறும். காலை 7 மணிக்கு நிழலில் தொடங்கினால் வெயில் ஏற முன் தேய்ப்பு முடியும். பொனட், பம்பர், மட்காட் ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். ஓரடுக்கு 600 பேப்பரின் இரண்டு இழுப்பில் கிழியும். பிறகு லைட் பளபளக்கும், பம்பரில் பெயின்ட் இருக்காது.

தண்ணீரிலும் ஒரு கவனம் வேண்டும். கரையோரக் கிணற்று வாளியின் அடியில் எப்போதும் கொஞ்சம் மணல் இருக்கும். ஒரே ஒரு மணல் பேப்பருக்குள் போனால் 2000 தேய்க்கும்போது 200 நம்பர் கீறல் விழும். துணியால் வடித்து எடுங்கள், அல்லது குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள். போத்தலில் மூன்று துளி பாத்திரம் கழுவுகிற திரவம் விட்டால் பேப்பர் வழுக்கி ஓடும். பேப்பரைக் கால் தாளாகக் கிழித்துப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். ஊறாத பேப்பரின் மடிப்பு முனையும் கீறும்.

600இல் தொடங்குங்கள். ஸ்பொஞ்சில் சுற்றி, இடம் வலமாக நேர்க்கோட்டில், அழுத்தாமல். வட்டமாகத் தேய்க்க வேண்டாம், வட்டக் கீறலை அடுத்த பேப்பரில் கண்டுபிடிக்க முடியாது. முதல் சில நிமிடம் வடிகிற தண்ணீர் மஞ்சள் கலந்த பால் போல வரும். அது பழைய பூச்சு. அது வெறும் வெள்ளைப் பாலாக மாறும்போது பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆனால் எல்லா இடத்திலும் தொட்டுவிட்டதாக நம்பாதீர்கள். நன்றாகக் கழுவித் துடைத்து, காயவிட்டுப் பாருங்கள். பூச்சு மிஞ்சிய இடம் தீவு போல ஒரு கரையோடு தெரியும். உள்ளே கொஞ்சம் மினுக்கம், வெளியே மாப்பூசியது போன்ற மந்தம். மேல் விளிம்பிலும் பொனட்டை ஒட்டிய மூலையிலும்தான் இது அதிகம் ஒளிந்திருக்கும். அந்தக் கரை முழுதாக மறைகிற வரை அடுத்த பேப்பருக்குப் போகக் கூடாது. 2000 வரை போன பிறகு அதைக் கண்டால் திரும்ப 600க்குத்தான் வரவேண்டும், நடுவில் குறுக்குவழி இல்லை.

முழு லைட்டும் ஒரே மந்தமாக வந்ததும் கழுவி, தண்ணீரை மாற்றி, ஸ்பொஞ்சையும் அலசி 800 எடுங்கள். இம்முறை மேலிருந்து கீழாக. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை இப்படிக் குறுக்காக மாற்றினால், முந்திய பேப்பரின் கீறல் மிச்சமிருப்பது உடனே தெரியும். 800 முடிந்து இடம் வலக் கோடு ஒன்றுகூட இல்லை என்றால்தான் 1000. ஒரு லைட்டில் ஒரு நம்பருக்கு ஐந்து நிமிடம் சராசரி. முதல் பேப்பருக்கு மட்டும் பத்து, பதினைந்து நிமிடம் போனாலும் கவலைப்பட வேண்டாம். அங்கே மிச்சம் பிடிக்கிற நேரத்தைப் பின்னால் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கல்லடி பட்ட ஆழமான பொட்டுகளை முழுதாக எடுக்கப் பார்க்காதீர்கள். நகம் சிக்குகிற கீறலை அடியோடு எடுக்கப்போனால் அந்த இடம் பள்ளமாகி வெளிச்சம் நெளியும்.

மினுக்கல் (டூ-கே அடிப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்)

1000, 1500, 2000, 3000 என்று வந்தால் லைட் மெல்லிய பனி படர்ந்தது போல இருக்கும், உள்ளே பல்ப் மங்கலாகத் தெரியும். 3000 கிடைக்காவிட்டால் 2000இல் நிறுத்தி மினுக்கலாம், கைக்குத்தான் வேலை கூடும். கட்டிங் கொம்பவுண்டைப் பட்டாணி அளவு எடுத்து, கையால் என்றால் மடித்த மைக்ரோஃபைபரில், உள்ளங்கை அகல இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தித் தேய்த்து அடுத்த இடத்துக்குப் போங்கள்.

டிரில்லில் ஃபோம் பேட் மாட்டிச் செய்தால் சீக்கிரம் முடியும், ஆனால் சூடு ஆபத்து. நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்றுக்குமேல் வேண்டாம், ஓரிடத்தில் நிறுத்தவும் வேண்டாம், பேட் உலரவிடவும் வேண்டாம். பத்து செக்கனுக்கு ஒருமுறை புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை இழுத்துக்கொண்டால் அதிகம். அளவுக்கு மிஞ்சினால் பிளாஸ்டிக் இளகி ஆரஞ்சுத் தோல் போலச் சுருங்கும், திரும்ப 800இலிருந்து தொடங்க வேண்டிவரும். பிறகு ஃபினிஷிங் பொலிஷால் அதே வேலையை லேசாக ஒருமுறை.

முடிந்ததும் அற்ககோல் நனைத்த சுத்தத் துணியால் இரண்டுமுறை துடையுங்கள். பொலிஷில் இருக்கிற எண்ணெய் நுண்கீறலை நிரப்பி ஏமாற்றும். துடைத்த பிறகு தெரிவதுதான் உண்மையான நிலை. கோடு தெரிந்தால் திரும்ப மினுக்கி, திரும்பத் துடைத்து, அதன் பிறகே பூச்சு.

செராமிக் என்றால் நிழலில், குளிர்ந்த லைட்டில், போத்தலோடு வரும் துணியில் சில துளி விட்டு நெடுக்காகவும் குறுக்காகவும் தடவுங்கள். நம்மூர்ச் சூட்டில் அது சீக்கிரம் இறுகும். போத்தலில் போட்டிருக்கிற நேரத்தில் குறைந்த அளவையே எடுத்துக்கொண்டு, வானவில் நிறம் தெரியத் தொடங்கியதும் துடைத்துவிடுங்கள். பிந்தினால் தழும்பாக நிற்கும். 24 மணித்தியாலம் ஈரம் படக்கூடாது, இரவுப் பனியும் ஈரம்தான்.

படலம் ஒட்ட, தண்ணீரில் சில துளி குழந்தை ஷாம்பூ விட்டு லைட்டையும் படலத்தின் பசைப்பக்கத்தையும் நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர்க் கட்டையால் தண்ணீரைத் தள்ளுங்கள். வளைவில் ஹெயார் டிரையரின் சூட்டில் இழுத்தால் படியும். விளிம்பில் இரண்டு மில்லிமீற்றர் உள்ளே விட்டு வெட்டுங்கள். விளிம்பைத் தாண்டி நிற்கிற படலத்தைத்தான் சேர்விஸ் ஸ்டேஷனின் தண்ணீர் அடி முதலில் கிளப்பும்.

டூ-கே கிளியர்

இதை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலுக்குக் கேடு, ஆஸ்துமா வரவைக்கும். துணி மாஸ்க்கும் கொவிட் காலத்து மாஸ்க்கும் இதற்கு உதவாது. அடியில் ஹார்ட்னர் பொத்தான் உள்ள ஸ்பிரே டின் என்றாலும் இதே கதைதான். ஆவி வடிகட்டும் முகமூடி, கண்ணாடி, கையுறை இல்லாவிட்டால் தேய்ப்பு வேலையை நீங்கள் முடித்துக்கொண்டு, அடிக்கிற வேலையைச் சரியான முகமூடி பாவிக்கிற பெயின்ட் பாஸிடம் கொடுங்கள். 1000 பேப்பரில் நிறுத்திக் கொண்டுபோனால் அவருக்கு அரை மணித்தியால வேலை.

நீங்களே அடிப்பதென்றால் ஐப்பசியிலிருந்து தை வரையான மாரி மாதங்களில் அடிக்காமல் தள்ளிப் போடுங்கள், அல்லது மழை விட்ட நல்ல வெயில் நாளாகப் பாருங்கள். பின்னேரம் அடித்தால் லைட் வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி ஒட்டும், இரவுப் பனி விழுந்து வெண்மை படரும். கச்சான் அடிக்கிற மாதங்களில் புழுதிதான் எதிரி, நிலத்தை நனைத்துவிட்டுத் தொடங்குங்கள். காலை 8 முதல் 10 மணி நல்ல நேரம்.

லைட்டை மட்டும் விட்டு வாகனத்தை முழுதாக மூடி, லைட்டை அற்ககோலால் துடைத்து, அதன் பிறகு விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரலெண்ணெயோ பழைய மெழுகோ இருந்தால் கிளியர் அந்த இடத்தில் விலகி மீன்கண் போலக் குழி விழும். அடியிலுள்ள பொத்தானை அழுத்தி ஹார்ட்னரைக் கலந்து, டின்னை இரண்டு நிமிடம் குலுக்கி, பதினைந்து இருபது சென்ரிமீற்றர் தூரத்தில் முதலில் தூறல் போல ஒரு மெல்லிய பூச்சு. பத்து நிமிடம் பொறுத்து ஈரம் தெரிகிற முழுப் பூச்சு, அதேபோல இன்னுமொன்று. முதல் பூச்சிலேயே தெளிவு வரவேண்டும் என்று அவசரப்பட்டால் வடியும். ஹார்ட்னர் கலந்த டின் மிஞ்சினால் வைத்துக்கொள்ள முடியாது, உள்ளேயே இறுகிவிடும். அதனால் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில் அடிப்பது இலாபம். ஹார்ட்னர் இல்லாத சாதாரணக் கிளியர் டின் விலை குறைவு, ஆனால் லைட்டுக்கு அதை வாங்காதீர்கள். வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகி உரிந்துவிடும்.

அடித்த நாள் ஓட்ட வேண்டாம். ஒரு கிழமைக்குச் சவர்க்காரமோ பிரஷர் தண்ணீரோ படாமல் வைத்திருங்கள்.

கைவைத்தியங்கள்

பற்பசை ஒரு மென்மையான தேய்ப்பான், அவ்வளவுதான். மங்கல் மெல்லியதென்றால் கொஞ்சம் தெளியும், காவல் ஒன்றும் தராது. தேங்காயெண்ணெய் தடவினால் தண்ணீர் ஊற்றியபோது நடந்ததே நடக்கிறது, கீறல் நிரம்பித் தெளிவு தெரியும், நாளைக்குப் புழுதி ஒட்டும். இரண்டும் பாவமில்லாதவை.

நுளம்பு மருந்து அப்படியல்ல. அதிலுள்ள டீட் என்ற இரசாயனம் பொலிகாபனேட்டின் மேற்பரப்பை இளக்கிவிடும். தடவிய உடனே பளிச்சென்று வருவதால் வீடியோக்களில் அழகாகத் தெரியும். இளகின மேற்பரப்பில் பிறகு புழுதி பதிந்து வெடிக்கும். ஒன்லைனில் விற்கிற, சூடான கோப்பையிலிருந்து ஆவி பிடிக்கிற கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்தத் திரவங்களில் குளோரோஃபோம் அல்லது டைகுளோரோமீதேன் இருக்கும், இரண்டுமே பிளாஸ்டிக்கைக் கரைப்பவை, மூச்சில் போவதும் நல்லதல்ல. கொஞ்சம் பிடித்தால் மினுங்கும், கொஞ்சம் கூடினால் வடிந்து நெளியும், பூச்சு எதுவும் மேலே ஏறுவதில்லை.

பிறகு

உப்புக்காற்று நேரடியாக லைட்டை மஞ்சளாக்குவதில்லை. கடற்கரையிலிருந்து வந்த வாகனத்தின் மேல் இருக்கிற உப்பையும் மணலையும் காய்ந்த துணியால் துடைப்பதுதான் கெடுக்கிறது. முதலில் தண்ணீரை ஓடவிடுங்கள், பிறகு துணி. உடுப்புத் தூள் போட்டுக் கழுவ வேண்டாம். சேர்விஸுக்கு விடும்போது லைட்டில் பூச்சு இருக்கிறது, இன்ஜின் கழுவுகிற மருந்து அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிறுத்தும்போது முகப்பைச் சுவர்ப் பக்கமோ நிழல் பக்கமோ திருப்பி விடுவதற்குச் செலவே இல்லை.

பழகிய மங்கல் போனதும் எதிரே வருபவர் லைட் அடித்துக் காட்டத் தொடங்கினால், வெளிச்சத்தின் குறி மேலே நிற்கிறது என்று அர்த்தம். மட்டமான தரையில் சுவரிலிருந்து பத்து மீற்றர் தள்ளி நிறுத்தி டிம் லைட்டைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, லைட்டின் நடு உயரத்தைவிடச் சுமார் பத்து சென்ரிமீற்றர் கீழே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் லைட்டின் பின்பக்கத்துப் பல்லுத் திருகாணியைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி இறக்குங்கள்.